பதினெட்டு கிராம்

வண்டியில் தூரப் பயணம் போகப் போகிறான் என்பது வீட்டில் ஒரு மாதமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கிறுக்கு எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்பது பல் துலக்கும் பிரஷை அவன் அறுத்த அன்றைக்குத்தான் மனைவிக்குத் தெரிந்தது. காலையில் முகம் கழுவப் போனவள், குளியலறை டம்ளருக்குள் பிரஷின் தலை மட்டும் கட்டைவிரல் நீளத்துக்குக் கிடப்பதைக் கண்டாள். கைப்பிடி குப்பைக்கூடையில் கிடந்தது. இரும்பு அறுக்கும் பிளேடால் அறுத்து, வாயில் குத்தாமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்தும் வைத்திருந்தான். ஒரு வேலையை எடுத்தால் அன்றைக்கே முடிக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அப்படிப்பட்டவன் இதை உப்புத்தாள் வரை போய் முடித்திருக்கிறான் என்றால், இது பிரஷோடு நிற்காது என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

கல்குவாரிக்குப் போகும் சாலையில் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் அவனுக்கு வேலை. பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே ஜன்னல். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான் பயன்பட்டது. லாரிக்காரர்கள் ‘கிலோ’ என்று கூப்பிட்டார்கள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. காய்கறி வாங்கப் போனால்கூட, கிலோ வந்தாச்சு, தராசைத் துடைத்து வை என்று கடைக்காரர் கேலி செய்வார்.

வேலை சொல்லப்போனால் சுலபம். காலியாக வரும் லாரி மேடையில் ஏறும். ஓட்டுநரும் கூட வந்தவர்களும் இறங்க வேண்டும். ஆள் உட்கார்ந்திருந்தால் கணக்கு தப்பிப்போகும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஆள் இறங்கியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவான். தூக்கத்திலும் அதையே கேட்கிறான் என்பாள் மனைவி. வெறும் எடை அச்சாகி ஒரு சீட்டு வரும்; அதில் இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்கும். லாரி குவாரிக்குள் போய்க் கருங்கல் பாளத்தை ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி மேடையில் நின்றால்தான் அந்தக் கட்டம் நிரம்பும். அதுவரை பாதிச் சீட்டுகள் ஜன்னலோரக் கிளிப்பில் தொங்கும். சீட்டின் கடைசி வரி ‘சேருமிடம்’. அதில் அவன் நாள் தவறாமல் தட்டிய வார்த்தை ‘துறைமுகம்’. லட்சம் முறை தட்டியிருப்பான். துறைமுகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

உட்கார்ந்து செய்யும் அந்த வேலைக்கு அவனைப்போல் பொருந்தாத ஆளை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் வலது கால் ஆட ஆரம்பித்துவிடும். அந்தக் கால் ஆடி ஆடி அறையின் தரையில் ஒரு இடம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. சலூனில் பாதி முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஏதோ புது மாதிரி லாரி நிற்கிறதென்று துண்டோடு எழுந்து போனவன் அவன். மீதி முடியை மறுநாள்தான் வெட்டிக்கொண்டான்.

போன மாதம் மேடைக்கு அடியில் கான்கிரீட் விரிசல் விட்டது. பன்னிரண்டு நாள் மூடி வைத்து வேலை பார்க்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். அன்று வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்தால் வண்டி தரையில் பட்டதா என்றே சந்தேகம். சாப்பிட உட்கார்ந்தவன் முதல் வாய் எடுப்பதற்குள் சொல்லிவிட்டான், துறைமுகம் வரைக்கும் வண்டியிலேயே போய்வரப் போவதாக. ஒரு வழிக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டர். வண்டி என்றால் நூறு சிசி. பதினோரு வருடமாக வேலைக்கும் கடைக்கும் போய்வந்த சின்ன வண்டி.

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

“எத்தனை நாள்?”

“பன்னிரண்டு.”

“பன்னிரண்டுன்னா பன்னிரண்டா?”

அவள் ஏன் இரண்டாம் தடவை கேட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் தட்டைப் பார்த்துக்கொண்டே, பன்னிரண்டுதான் என்றான்.

கல்யாணமான நாலாவது வருடம், மகள் நடை பழகிக்கொண்டிருந்த சமயம், சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டு வருகிறேன் என்று போனவன் பதினோரு நாள் கழித்துத்தான் வந்தான். வீட்டில் சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஒட்டுப் போடும் கடை வாசலில் ஒரு லாரி நின்றது. வருகிறாயா என்று ஓட்டுநர் சும்மா கேட்டார். ஏறிவிட்டான். ஏன் ஏறினாய் என்று இன்றைக்குக் கேட்டாலும் பதில் கிடையாது. பலநாள் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் சாவி பூட்டுக்குள் போகவே இல்லை. ஒன்பதாம் நாள் வரை பார்த்துவிட்டு அவள் பூட்டை மாற்றியிருந்தாள். உள்ளே குழந்தை சிணுங்குவது கேட்க, அவன் இரண்டு மணிநேரம் வாசலில் நின்றான். அப்புறம் அவள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

புதுச் சாவியை அவள் உடனே கொடுத்துவிடவில்லை. மூன்று மாதம் அவன் தன் வீட்டுக் கதவைத் தட்டித்தான் உள்ளே போனான். ஒருநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தச் சாவி இருந்தது. அவ்வளவுதான். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த வருடம்தான் அவன் எடைமேடையில் சேர்ந்தான். ஓடுகிற வண்டிகளை நிறுத்துகிற வேலை. தானும் நின்றுவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது. மகள் வளர்ந்து இப்போது வெளியூரில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கால் மட்டும் ஆடுவதை விடவில்லை.

சுமையைக் குறைக்கும் பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது ஒரு லாரிக்காரர். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பார், தலையில் முடிதான் இருக்காது. அதனால் அவருக்கு ‘சீப்பு’ என்றே பெயர். இருபது வருடமாகத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகிறவர். கிலோ வண்டியில் போகப் போகிறான் என்று கேட்டதும் அந்தச் சின்ன வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.

“தம்பி, நடுவுல மலை இருக்கு. முப்பத்தாறு வளைவு. சமதரையில நீ என்ன வெச்சாலும் வண்டி வாயத் திறக்காது. ஏத்தத்துல பை பேசும்.”

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே சமையலறையில் இருந்த சின்ன எலெக்ட்ரானிக் தராசு கூடத்துக்கு வந்துவிட்டது. கொண்டுபோக வேண்டியதையெல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினான். நாலு சட்டை இரண்டானது. இரண்டில் ஒன்றின் காலர் லேபிள் வெட்டப்பட்டது. துண்டு பாதியானது, அது நல்ல துண்டு என்பதை மனைவி சொன்ன பிறகுதான் கவனித்தான். சோப்பில் பாதி. மழைக்கோட்டின் கால்சட்டை வேண்டாம், மேல்சட்டை போதும். டார்ச்சுக்கு ஒரே செட் பேட்டரி. உபரி டியூப், பஞ்சர் பட்டை, கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், இரண்டு ஸ்பேனர் என்று வண்டிச் சாமான்களில் மட்டும் அவன் கை வைக்கப் பயந்தான். அந்தப் பயமும் ஒரு வாரம்தான். எட்டாம் நாள் செயின் இணைப்புக் கண்ணியை எடுத்து ஓரமாக வைத்தான். பதினோரு கிராம், செயின் போன வருடம்தான் மாற்றினது, அறுபடவா போகிறது என்று அதற்கு ஒரு நியாயம். அதற்கு மறுநாள் போன் சார்ஜர் போனது. அது அறுபத்திரண்டு கிராம். பொத்தான் வைத்த பழைய போன், சும்மா வைத்திருந்தால் ஒன்பது நாள் தாங்கும், மீதிக்கு வழியில் எவனாவது கொடுப்பான் என்று அதற்கும் ஒரு நியாயம் கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டிய பையோடு வண்டியில் உட்கார்ந்து அவன் எடைமேடையிலும் ஏறிப் பார்த்தான். நாற்பது டன் கல்லை நிறுக்கிற மேடை அது. பத்து பத்து கிலோவாகத்தான் எண் நகரும். அதோடு இருநூறு கிலோவுக்குக் கீழே அது காட்டும் எண்ணுக்கு மதிப்பே கிடையாது என்று மேடையின் தகட்டிலேயே எழுதியிருக்கும். இதெல்லாம் ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினான். முதல் தடவை, வெளியே இருக்கும் பெரிய பலகையில் சிவப்பாக 200 என்று விழுந்தது. வீட்டுக்குப் போய் ஆறு கிலோ குறைத்துவிட்டு வந்தான். அப்போதும் 200. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் ஏழு கிலோ போன பிறகு 190 ஆனது. புறப்படுவதற்கு முந்தின வாரம் 180. அந்த 180-ஐப் பார்த்தபோது பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி சிரித்தான். அதன் பிறகும் நிறுத்தவில்லை. எந்த எண்ணும் மாறாது என்று தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. இருப்புக் கொள்ளாத ஆளுக்கு ஏதாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்படித்தான் புறப்படுவதற்கு முந்தின நாள் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தான். வண்டிச் சாவி, வேலை செய்யும் அறைச் சாவி, பழைய சைக்கிள் பூட்டின் சாவி, வீட்டுச் சாவி, ஒரு பாட்டில் திறப்பான். வண்டிச் சாவியைத் தவிர மற்றதெல்லாம் எதற்கு? கழற்றினான். பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எழுதிவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் மேல் இருந்த கிண்ணத்தில் போட்டான்.

மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸை ஃபிரேமின் அளவுக்குக் கல்லில் தேய்த்து உட்கார வைப்பது அவள் வேலை. கால் மில்லிமீட்டர் கூடினாலும் உட்காராது, குறைந்தாலும் கழன்று விழும். அப்படிப்பட்ட கண்ணுக்கு ஒரு சாவி தப்புமா? சாயங்காலம் வேலையிலிருந்து வந்து தண்ணீர் எடுக்கப் பெட்டிக் கதவைத் திறந்தவள், கையை மேலே கொண்டுபோய்க் கிண்ணத்திலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். அவன் தரையில் உட்கார்ந்து பைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

“இது ஏன் இங்க இருக்கு?”

“பதினெட்டு கிராம்” என்றான் அவன், நிமிராமலே.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எந்தச் சாவி அது, யார் கொடுத்தது, எத்தனை மாதம் கழித்துக் கொடுத்தது என்பதெல்லாம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தராசில் வைத்தபோது அது ஒரு இரும்புத்துண்டாகத்தான் தெரிந்தது. தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

“திரும்பி வருவீங்களா?” என்று அவள் கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை.

வருவேன் என்று சொல்ல வாயெடுத்தான். வார்த்தை உடனே வரவில்லை. ஏனென்றால் இந்த ஒரு மாதத்தில் அவன் மனம் துறைமுகத்தோடு நின்றதில்லை. துறைமுகத்துக்கு அப்புறம் சாலை கடலோரமாகவே இன்னும் போகிறது என்று சீப்பு சொல்லியிருந்தார். அந்தச் சாலையில் அவன் மனசுக்குள் எத்தனையோ தடவை போய்விட்டான். ஒரு தடவைகூட அங்கிருந்து வண்டியைத் திருப்பியதாக நினைவில்லை. இது குற்றமா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை.

“வரணும்னுதான் நினைக்கிறேன்” என்றான் கடைசியில்.

அவள் தலையை ஆட்டினாள். வெட்டின துண்டின் மீதிப் பாதியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். அவன் பையை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான்.

காலையில் ஆறு மணிக்கு அவன் வண்டியை எடுத்தபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மேடை வரைக்கும் நானும் வருகிறேன், அங்கிருந்து பஸ் பிடித்துக் கடைக்குப் போய்விடுகிறேன் என்றாள். பின்னால் கட்டியிருந்த பையை முன்னால் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு, அவளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டினான். வழியெல்லாம் அவள் கை அவன் தோளில் இருந்தது.

மேடை காலியாக இருந்தது. விரிசலைச் சரிசெய்யும் வேலையாட்கள் ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. வண்டியை மேடையில் ஏற்றச் சொன்னாள். ஏற்றி, விளிம்போரமாக நிறுத்தினான். பலகையில் 240 விழுந்தது.

அவள் இறங்கினாள். மேடையிலிருந்து ஒரு எட்டு வைத்துத் தரைக்குப் போனாள். எண் சற்றுத் தடுமாறி 180-ல் நின்றது.

அவன் அந்தப் பலகையையே பார்த்தான். ஒரு மாதமாக அறுத்ததும் வெட்டியதும் கழற்றியதும் சேர்ந்து இந்த மேடையில் இருபது கிலோதான் குறைத்தன. அவள் ஒரு எட்டு வைத்ததில் அறுபது போய்விட்டது. வண்டியின் ஆக்ஸிலேட்டரைக் காரணமில்லாமல் ஒருமுறை திருகினான்.

“சீட்டு எப்படி எடுக்கிறது?” என்று கேட்டாள்.

அறையின் மாற்றுச் சாவி ஓட்டு விளிம்புக்குக் கீழே மாட்டியிருக்கும் இடத்தையும், எந்தப் பொத்தான் என்பதையும் சொன்னான். அவள் உள்ளே போனாள். தினமும் அவன் தலை நீட்டும் ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அவன் மேடையில் நின்றுகொண்டிருந்தான். சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் சீட்டை நிதானமாகப் படித்தாள். வண்டி எண், தேதி, முதல் எடை 180. இரண்டாவது எடை வெறுமை. அதை நாலாக மடித்துக் கைப்பையில் இருந்த கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள்.

பிறகு மேடைக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டி, அவன் சட்டைப்பையில் வீட்டுச் சாவியைப் போட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் பலகையைப் பார்த்தார்கள்.

“நம்பர் மாறல, பாத்தீங்களா?”

“மாறல.”

“அப்ப எடுத்துட்டுப் போங்க.”

பஸ் வரும் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மேடையை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் ஓட்டினான். முதல் ஐம்பது கிலோமீட்டரும் அவனுக்குச் சாலையே தெரியவில்லை.

மலையில் பை பேசவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பத்தாறு வளைவையும் இரண்டாவது கியரில் ஏறி, உச்சியில் வண்டியை நிறுத்தி, இன்ஜினைத் தட்டிக்கொடுத்தான். பெரிய பெரிய மூட்டை கட்டிய வண்டிகள் ஓரமாக நின்று புகைந்துகொண்டிருந்தன. அவர்களைப் பார்த்து ஒரு கர்வச் சிரிப்பு வேறு. ஐந்தாம் நாள் மத்தியானம் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தான். உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி சொல்லிவிட்டார். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். அவன் எடை போட்டு அனுப்பிய கருங்கல் பாளங்கள் சுண்ணாம்புக் கட்டி எண்களோடு வரிசையாகக் கிடந்தன. தெரிந்தவர்களை வெளியூரில் பார்த்ததுபோல் இருந்தது. அதற்கு அப்பால் கப்பல். அதற்கு அப்பால் ஒன்றுமில்லாத பெரிய தண்ணீர். ஒரு மணிநேரம் பார்த்தான். அதற்குள் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு நாள் அந்த ஊரில் தங்க வேண்டும், அப்புறம் திரும்ப வேண்டும் என்பது திட்டம். ஆறாம் நாள் காலையிலேயே வண்டி கடலோரச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா பத்து கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது, நாற்பது ஆனது, நூறு ஆனது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. இப்படியே போனால் என்ன என்று தோன்றியது. ஒட்டுப் போடும் கடை வாசலில் லாரி ஏறிய அன்றைக்குத் தோன்றியதும் இதேதான். அவனுக்கே பயமாக இருந்தது. பயமாக இருந்தும் ஓட்டினான்.

பெட்ரோல் போட நிறுத்தி, டாங்க் மூடியைத் திறக்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்த சாவி நெஞ்சில் குத்தியது. ஐந்து நாளாகக் குனியும்போதெல்லாம் குத்திக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதை வெளியே எடுத்துப் பார்த்தான். மேடைக்கு வெளியே நின்று நீட்டிய அவள் கை நினைவுக்கு வந்தது. போக வேண்டாம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீம்புக்கு இன்னும் தூரம் போயிருப்பான். அவளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு எளிமையாக, அவ்வளவு பலமாக அப்படி ஒரு ஆசை வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வண்டியைத் திருப்பினான்.

திரும்பிய பிறகுதான் அவன் புத்திசாலித்தனம் ஒவ்வொன்றாகப் பல் இளித்தது. ஒன்பதாம் நாள் போன் செத்தது. அந்தப் பழைய போனுக்கான ஊசிமுனைச் சார்ஜர் எந்தக் கடையிலும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தினதைக் கேட்கிறீர்களே என்று சிரித்தார்கள். மனைவியின் எண்ணை அவன் ஒருநாளும் மனப்பாடம் செய்ததில்லை. எண்கள் எல்லாம் போனுக்குள், போன் பிணம். வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒன்பதாம் நாள் என்று நினைத்தபோதுதான் அன்றைக்கு அவள் பூட்டை மாற்றியது ஞாபகம் வந்தது. ஓட்டினான். பத்தாம் நாள் மலை இறக்கத்துக்கு அப்புறம், கண்ணுக்கெட்டின தூரம்வரை வீடே இல்லாத இடத்தில் செயின் அறுந்தது. அறுந்த செயினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது, பதினோரு கிராம், பதினோரு கிராம் என்று வாய்விட்டுச் சொன்னான். பதினேழு கிலோமீட்டர் தள்ளினான். வண்டி சின்னது, சுமை குறைவு. தள்ளுவதற்கு அது நன்றாகத்தான் இருந்தது. மெக்கானிக் கடை மறுநாள் மாலைதான் திறந்தது.

பன்னிரண்டாம் நாள் சூரியன் மறைந்தபோது வீட்டுக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டர் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் தன் வீட்டு வாசலில் நின்றான். அவள் கடையில் இருக்கும் நேரம். கடைக்கே போயிருக்கலாம், ஆனால் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் அவள் முன்னால் போய் நிற்க முடியாது. பூட்டைக் குனிந்து பார்த்தான். பழையதா புதியதா என்று கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணில் புழுதி. சாவியை எடுத்தான். நுழைந்தது. திருகினான், திரும்பவில்லை. அந்தக் கதவுக்கு ஒரு கோளாறு உண்டு, வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். கதவைத் தன் பக்கம் சற்று இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினான். திறந்தது.

மேஜையில் அவன் போன் சார்ஜர் இருந்தது. செயின் கண்ணி இருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி, புதுப் பூட்டு. ஒட்டின டேப் பிரிக்கப்படாமல் இருந்தது. பெட்டியின் மேல் இருந்த ரசீதில் தேதியைப் பார்த்தான். விரல்விட்டு எண்ண வேண்டிய தேவையே இல்லை, ஒன்பதாம் நாள்.

முகம்கூடக் கழுவாமல் கடைக்குப் போனான். தேய்க்கும் கல்லுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிச் சுவர் வழியாக அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கல்லைத் தொடர்ந்து சுழலவிட்டாள். பாதியில் எடுத்தால் லென்ஸ் வீணாகிவிடும். அவன் நின்றான். கல் நின்றதும் லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்து, துணியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பல நாள் சிவப்பு.

“பூட்டு திறந்துச்சா?”

“கதவ இழுத்துப் பிடிச்சேன். திறந்துச்சு.”

“புதுசு வாங்கி வெச்சிருக்கேன்.”

“பாத்தேன்.”

“தினமும் சாயங்காலம் மாட்டிடணும்னு கையில எடுப்பேன். மாட்டிட்டா உங்ககிட்ட இருக்கிற சாவி வீணாப் போயிடுமேன்னு திரும்ப வெச்சிடுவேன்.”

அவனுக்குச் செயின் அறுந்ததையும், போன் செத்ததையும், கடலோரச் சாலையில் நூறு கிலோமீட்டர் போனதையும் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை முதலில் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். அது தனக்குத் தெரியும் என்பதுபோல் இருந்தது அவள் முகம். கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த பாதிச் சீட்டை எடுத்து விரித்தாள். இரண்டாவது கட்டம் வெறுமையாகவே இருந்தது.

“ஆள் இறங்கியாச்சா?” என்று கேட்டாள்.

“இறங்கியாச்சு” என்றான்.

கடை வாசலில் நின்ற அவனுடைய வலது கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் கையில் இறுக்கிப் பிடித்திருந்த சாவியை வாங்கி, திரும்பவும் அவன் சட்டைப்பையிலேயே போட்டாள்.